பீக்கரும் களிமண்ணும் கேமராவும்: குறும்படம் எடுத்து வேதிவினை கற்கும் குழுக்களுக்கு ஒரு வழிகாட்டி

இரும்பாணியைக் காப்பர் சல்ஃபேட் கரைசலில் போட்டால் ஆணியின் மேல் காப்பர் படியும். இதைத் தேர்வில் எழுதாத மாணவர் இல்லை. ஆனால் அந்த நீலம் எங்கே போனது, சல்ஃபேட் என்ன ஆனது, காப்பர் ஏன் ஆணியைத் தேடிப்போய்ப் படிகிறது, பீக்கரின் சுவரில் ஏன் படியவில்லை என்று அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், வகுப்பு அமைதியாகிவிடும். சமன்பாட்டை மனப்பாடம் செய்து எழுதியவருக்கு இந்தக் கேள்விகளைச் சந்திக்க வேண்டிய தேவையே வந்திருக்காது.

அதே வினையை 3 நிமிடக் குறும்படமாக எடுக்கச் சொன்னால் நிலைமை மாறும். துகள்களைக் களிமண்ணில் உருட்டி ஒவ்வொன்றாக நகர்த்திப் படமெடுக்கும்போது, சல்ஃபேட் உருண்டையைக் கையில் வைத்திருப்பவர் அதை எங்காவது வைத்தே ஆக வேண்டும். “இதை எங்க வைக்கிறது?” என்று அவர் பக்கத்தில் இருப்பவரைக் கேட்கும்போதுதான் பாடம் தொடங்குகிறது. அந்தக் கேள்வி எல்லாக் குழுவிலும் வரும்படி வேலையை அமைப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

9 முதல் 12 ஆம் வகுப்பு வரை எவருக்கும் பொருந்தும். குழுவுக்கு 4 அல்லது 5 பேர், ஒரு கைப்பேசி, 45 நிமிடப் பாடவேளைகள் ஆறு. முதல் வேளை வினையைத் தேர்ந்தெடுக்க, இரண்டாவது ஸ்டோரிபோர்டு (காட்சிகளை வரிசையாகக் கட்டம் கட்டமாக வரைந்த திட்டம்) வரைய, மூன்றாவது உண்மையான வினையைப் படமெடுக்க, நான்காவது துகள் காட்சிக்கு, ஐந்தாவது குரலுக்கும் எடிட்டிங்குக்கும், ஆறாவது திரையிட. நேரம் போதவில்லை என்றால் எடிட்டிங்கைக் குறையுங்கள். நான்காவது வேளையில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

மூன்று தளங்கள்

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேதியியல் கல்வி ஆய்வாளர் அலெக்ஸ் ஜான்ஸ்டோன் 1991-இல் ஒரு முக்கோணத்தை முன்வைத்தார். வேதியியல் ஒரே நேரத்தில் மூன்று தளங்களில் பேசப்படுகிறது: கண்ணுக்குத் தெரியும் மாற்றம், கண்ணுக்குத் தெரியாத அணு அயனிகளின் நடமாட்டம், தாளில் எழுதும் குறியீடும் சமன்பாடும். ஆசிரியர் ஒரே வாக்கியத்தில் மூன்றுக்கும் தாவிவிடுவார். புதிதாகக் கற்பவரால் கூடவே தாவ முடியாது.

குறும்படத்தில் இந்த மூன்றும் தனித்தனிக் காட்சிகளாக வர வேண்டும் என்பதை முதல் நாளே விதியாக வையுங்கள். பீக்கரில் நடப்பதை மட்டும் எடுத்துப் பின்னணி இசை சேர்த்துக் கொண்டுவரும் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பாதிப் படம்தான். நுரை பொங்குவதைக் காட்டுவது எளிது, ஏன் பொங்குகிறது என்று காட்டுவதுதான் வேலை.

எந்த வினையை எடுப்பது

நல்ல வினைக்கு மூன்று தகுதிகள் உண்டு. அரை மணி நேரத்துக்குள் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் நடக்க வேண்டும். மாணவர்களே பாதுகாப்பாகக் கையாள முடிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதற்குள் ஒரு கேள்வி இருக்க வேண்டும். “இரும்பும் காப்பர் சல்ஃபேட்டும்” என்பது வெறும் தலைப்பு. “நீலம் எங்கே போனது?” என்று கேட்டால் அது படம்.

காப்பர் சல்ஃபேட்டும் இரும்பும் முதல்முறை எடுப்பவர்களுக்கு மிகப் பொருத்தமானவை. இந்தக் கட்டுரை அதையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

அதே கரைசலில் அலுமினியத் தாளைப் போடுவது இன்னொரு நல்ல படம். 50 மி.லி. நீரில் 2.5 கிராம் காப்பர் சல்ஃபேட் படிகத்தைக் கரைத்து, 5 செ.மீ. சதுர அலுமினியத் தாளை அமிழ்த்தினால் ஒன்றுமே நடக்காது. வினைத்திறன் வரிசையில் அலுமினியம் காப்பரைவிட எவ்வளவோ மேலே இருக்கிறதே என்று மாணவர்கள் குழம்புவார்கள். 3 கிராம் சாதாரண உப்பைப் போட்டுக் கலக்குங்கள். கரைசல் பச்சையாக மாறும், தாள் அரிக்கப்பட்டுச் செம்பழுப்பாகக் காப்பர் திரளும், பீக்கர் சூடாகும். அலுமினியத்தின் மேல் இருந்த ஆக்சைடு படலத்தைக் குளோரைடு அயனிகள் உடைத்ததால் வந்த விளைவு இது. கொஞ்சம் ஹைட்ரஜனும் வெளிவரும், அதனால் அருகில் நெருப்பு இருக்கக் கூடாது.

வினையூக்கி பற்றிய படத்துக்கு 3% ஹைட்ரஜன் பெராக்சைடும் ஈஸ்டும் போதும். 3% கரைசலை ‘10 வால்யூம்’ என்றும் சொல்வார்கள், அதாவது 1 மி.லி. கரைசல் சுமார் 10 மி.லி. ஆக்சிஜனைத் தரும். 50 மி.லி. எடுத்து, சில துளி திரவ சோப்பு விட்டு, வெதுவெதுப்பான நீரில் கரைத்த அரைத் தேக்கரண்டி ஈஸ்டை ஊற்றினால் அரை லிட்டர் அளவுக்கு வாயு நுரையாக எழும். எல்லாரும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். நுரை அடங்கியதும் அதே குடுவையில் இன்னொரு 50 மி.லி. பெராக்சைடை ஊற்றிப் படமெடுங்கள். மீண்டும் பொங்கும். ஈஸ்டில் உள்ள நொதி தீர்ந்துபோகவில்லை என்பதற்கு இந்த இரண்டாவது ஷாட்தான் சான்று. இணையத்தில் வரும் பெரிய நுரை வீடியோக்களில் 30% கரைசல் இருக்கும். அது தோலைச் சுட்டுவிடும், மாணவர் கையில் கொடுக்கவே கூடாது.

நிறை மாறா விதியை எடுக்க நினைக்கும் குழுக்கள் பெரும்பாலும் சமையல் சோடா, வினிகர், பலூன் என்று வந்து நிற்பார்கள். அங்கே ஒரு பொறி இருக்கிறது. 5% வினிகர் 50 மி.லி.யும் சமையல் சோடா 3.5 கிராமும் வினைபுரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வரும். பலூன் இல்லாமல் திறந்த குடுவையில் செய்தால் தராசில் 1.8 கிராம் வரை குறையும், அதில் வியப்பில்லை. பலூன் மாட்டி ஒரு துளி வாயுவும் வெளியேறாமல் செய்தாலும் தராசு 1 கிராமுக்கு மேல் குறைத்தே காட்டும்! உப்பிய பலூன் 1 லிட்டர் காற்றை விலக்குகிறது, அந்தக் காற்றின் எடை சுமார் 1.2 கிராம், அந்த அளவுக்கு மிதப்பு விசை பலூனை மேலே தூக்குகிறது. இதை அறியாத குழு ‘வினையில் நிறை அழிந்தது’ என்று படத்தை முடித்துவிடும். 11, 12 ஆம் வகுப்பில் இதையே படத்தின் மையப் புதிராக வைக்கலாம். கீழ் வகுப்புகளுக்கு வாயு வராத வினைதான் நல்லது: கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 1.5 கிராமை 25 மி.லி. நீரிலும், நீரற்ற சோடியம் கார்பனேட் 1.1 கிராமை இன்னொரு 25 மி.லி.யிலும் கரைத்து, கலக்கும் முன்னும் பின்னும் இரண்டு பாத்திரங்களையும் சேர்த்தே எடை போடுங்கள். பால் போல வெள்ளை வீழ்படிவு வரும், தராசு அசையாது.

எதைத் தொடக் கூடாது என்பதும் தெளிவாக இருக்கட்டும். அம்மோனியம் டைகுரோமேட் எரிமலை, மெத்தனால் ஊற்றிய வண்ணத் தீச்சுடர், நீரில் சோடியம் ஆகிய மூன்றும் வீடியோவில் கவர்ச்சியாக இருக்கும், மூன்றும் மாணவர் படத்துக்கு வேண்டாம். முதலாவது புற்றுநோய் உண்டாக்கும் குரோமியம் சேர்மத்தைத் தூசியாகப் பரப்பும். மெத்தனால் ஆவி தீப்பற்றி எதிரில் நிற்பவர் மீது பாயும். லெட் நைட்ரேட் தரும் மஞ்சள் வீழ்படிவும் அழகுதான், ஆனால் ஈயம் நச்சு. பிளீச்சிங் திரவத்தோடு எந்த அமிலத்தையும் சேர்க்கக் கூடாது, குளோரின் வாயு வெளிவரும். வாயு வரும் எந்த வினையையும் மூடிய பாட்டிலில் செய்யக் கூடாது.

வேலையைப் பிரிப்பது

இயக்குநர், கேமரா, எடிட்டர், குரல் என்று பிரித்துக்கொடுத்தால் வேலை வேகமாக நடக்கும். ஆனால் கடைசியில் எடிட்டருக்கு எடிட்டிங் மட்டும் தெரிந்திருக்கும், வேதியியல் ‘நன்றாகப் படிக்கும்’ ஒருவர் தலையில் போய் விழுந்திருக்கும். குழு வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு இது.

தொழில்நுட்பப் பொறுப்புகளைப் பிரியுங்கள், வேதியியலைப் பிரிக்காதீர்கள். படத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் குரல் கொடுப்பவர் வேறு வேறு ஆளாக இருக்கட்டும், அவரவர் பகுதியை அவரவரே எழுதட்டும். திரையிடல் நாளில் எந்தப் பகுதிக்கான கேள்விக்கு யார் பதில் சொல்வது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வோம் என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள்.

ஒரு பொறுப்பை மட்டும் கறாராகப் பிரிக்க வேண்டும்: கைப்பேசியைத் தொடுபவர் வேதிப்பொருளைத் தொடக் கூடாது. காப்பர் சல்ஃபேட் பட்ட விரல் திரைக்குப் போய், அங்கிருந்து கண்ணுக்குப் போக நேரம் ஆகாது.

ஸ்டோரிபோர்டு

ஒரு பெரிய தாளை மூன்று வரிசையாகக் கோடிடுங்கள். மேல் வரிசை கண்ணுக்குத் தெரிவதற்கு, நடு வரிசை துகள்களுக்கு, கீழ் வரிசை குறியீட்டுக்கு. காலம் இடமிருந்து வலமாக ஓடும். ஒவ்வொரு ஷாட்டும் ஏதாவது ஒரு வரிசையில் ஒரு கட்டம். நடு வரிசை காலியாகக் கிடந்தால் அந்தக் குழுவைக் கேமராவை எடுக்க விடாதீர்கள். நடு வரிசையை நிரப்பச் சொன்னதும் சில மாணவர்கள் பீக்கரையே சின்னதாக வரைந்து வைப்பார்கள். அதைப் பார்த்தால் ‘இதற்குள் இருக்கும் ஓர் அயனி எங்கே, அடுத்த கட்டத்தில் அதே அயனி எங்கே?’ என்று மட்டும் கேளுங்கள்.

இரும்பு, காப்பர் சல்ஃபேட் படத்துக்கு 180 நொடிகளை இப்படிப் பிரிக்கலாம். முதல் 20 நொடி நீலக் கரைசலும் இரும்பும் கேள்வியும். அடுத்த 40 நொடி உண்மை வினை, வேகப்படுத்தியது. அதன்பின் 50 நொடி துகள் காட்சி. 30 நொடியில் சமன்பாடு. கடைசி 40 நொடி எதிர்ச்சோதனை: சுத்தமான காப்பர் கம்பியை இரும்பு சல்ஃபேட் கரைசலில் போட்டு, ஒன்றுமே நடக்காததைக் காட்டுவது. பல குழுக்கள் இந்தக் கடைசிப் பகுதியைத் தவிர்க்கப் பார்க்கும், ‘ஒன்றும் நடக்காததை எதற்குப் படமெடுப்பது’ என்று. இரும்புக்கும் காப்பருக்கும் இடையே யார் எலக்ட்ரானை விடுகிறார், யார் வாங்குகிறார் என்பதை உறுதி செய்வது அந்த ஷாட்தான்.

உண்மை வினையைப் படமெடுத்தல்

ஆணியைவிட இரும்புக் கம்பளி நல்லது. ஆணியில் காப்பர் படிவது சில நிமிடங்களில் தெரிந்துவிடும், ஆனால் நீலம் மங்கப் பல மணி நேரம் ஆகும். பரப்பு அதிகமுள்ள கம்பளியில் ஒரு பாடவேளைக்குள் மங்கிவிடும்.

1. காய்ச்சி வடித்த நீர் 50 மி.லி.யில் காப்பர் சல்ஃபேட் படிகம் 2.5 கிராமைக் கரையுங்கள். குழாய் நீரில் கார்பனேட் அதிகம் இருந்தால் கரைசல் கலங்கும்.

2. இரும்புக் கம்பளி 2 கிராம் எடுங்கள். கணக்குப்படி 0.56 கிராம் இரும்பே போதும். ஆனால் மேலே காப்பர் மூடிய இரும்பு உள்ளே வினைபுரியாமல் தங்கிவிடும், அதனால் மிகையாக எடுக்கிறோம்.

3. கம்பளியில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். சோப்புக் கரைசலில் கழுவி, நன்றாக அலசி, உடனே பயன்படுத்துங்கள். ஆணியானால் உப்புத்தாளில் பளபளக்கும் வரை தேய்த்தபின்.

4. கண்ணாடி, கையுறை போட்டபின்தான் கேமரா ஓட வேண்டும். முகம் நன்றாகத் தெரிய வேண்டும் என்று ஒருவர் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றினால், பார்க்கும் எல்லாருக்கும் அந்தப் படம் அதையே கற்றுக்கொடுக்கும்.

5. கம்பளியை மெல்லப் பிரித்துவிட்டு அமிழ்த்துங்கள். உள்ளே ஒரு வெப்பமானி இருக்கட்டும். சில டிகிரி ஏறும், அதுவும் ஒரு ஷாட்.

ஆணி செம்பழுப்பாகாமல் கறுத்துப் பஞ்சு போல ஏதாவது படிந்தால், அது துத்தநாகம் பூசிய ஆணியாக இருக்கும். அங்கே வினைபுரிவது துத்தநாகம், இரும்பு அல்ல. குழு அந்தக் காட்சியை அழித்துவிடாமல் வைத்துக்கொள்ளட்டும். ‘முதல்முறை ஏன் தவறியது’ என்று 10 நொடி சேர்த்தால் படத்தின் மதிப்பு கூடும்.

கேமரா பக்கம் வருவோம். கைப்பேசி தானாகச் செய்யும் உதவிகள்தான் இங்கே பெரிய எதிரி. வண்ணச் சமநிலையைத் தானியங்கியாக விட்டால், சட்டகம் முழுக்க நீலமாக இருக்கும்போது கைப்பேசி அதைத் தவறு என்று நினைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் ‘சரி’ செய்யும். நீலம் உண்மையில் மங்கும்போது அது எதிர்ப்பக்கம் திருத்தும். முடிவில் 20 நிமிடத்தில் நடந்த நிறமாற்றம் படத்தில் பாதிகூடத் தெரியாது. திரையில் கரைசலின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான கைப்பேசிகளில் ஃபோகஸும் ஒளி அளவும் பூட்டிக்கொள்ளும். வண்ணச் சமநிலையைப் பூட்ட கேமரா செயலியின் மேனுவல் முறைக்குப் போக வேண்டியிருக்கும். எப்படியானாலும் சட்டகத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளை அட்டைத் துண்டு நிற்கட்டும். முதல் படத்திலும் கடைசிப் படத்திலும் அட்டை ஒரே வெள்ளையாகத் தெரிந்தால்தான் நிறமாற்றத்தை நம்பலாம்.

வட்டமான பீக்கர் ஒரு லென்ஸ் போல வேலை செய்து, பின்னால் இருப்பதை வளைத்தும் இடம் வலம் மாற்றியும் காட்டும். தட்டையான சுவருள்ள சதுரக் கண்ணாடிப் பாத்திரம் கிடைத்தால் அதுவே நல்லது. நிறக் கரைசலுக்குப் பின்னால் வெள்ளைத் தாளை வைத்து அதற்குப் பின்னிருந்து ஒளி கொடுங்கள். வெள்ளை வீழ்படிவுக்கும் சுண்ணாம்பு நீருக்கும் கறுப்பு அட்டை. எதிரே நிற்பவரின் சட்டை கண்ணாடியில் தெரிந்தால், கைப்பேசிக்கு மட்டும் துளை விட்ட கறுப்பு அட்டையை முன்னால் நிறுத்துங்கள், மறைந்துவிடும்.

5 நொடிக்கு ஒரு படம் வீதம் 30 நிமிடம் எடுத்தால் 360 படங்கள். நொடிக்கு 12 படமாக ஓட்டினால் 30 நொடிக் காட்சி. திரையின் மூலையில் உண்மை நேரம் தெரிய வேண்டும். அதற்கு எளிய வழி, சட்டகத்துக்குள் ஒரு கடிகாரத்தை வைத்துவிடுவது. குமிழி, நுரை போன்றவற்றை ஸ்லோமோஷனில் எடுப்பவர்கள் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். மின்விளக்கு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை துடிக்கிறது, 60 ஹெர்ட்ஸில் 120 முறை. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு ஸ்லோமோஷனில் பளிச் பளிச்சென்று தெரியும்.

இன்னொன்று, பாடநூலில் ‘இரும்பு சல்ஃபேட் வெளிர்பச்சை’ என்று படித்திருப்பார்கள். இந்த அளவு நீர்த்த கரைசலில் அந்தப் பச்சை மிக மங்கல், கிட்டத்தட்ட நிறமற்றதாகவே தெரியும். எடிட்டிங்கில் பச்சை ஃபில்டர் போட்டுச் ‘சரி’ செய்யும் ஆசை வரும். விடாதீர்கள். கண்டதையே காட்டட்டும். கரைசலை மறுநாள் வரை வைத்தால் காற்றுப் பட்டு மஞ்சள் பழுப்பாகும், ஆகவே விட்டுப்போன ஷாட்டை அன்றே எடுத்துவிட வேண்டும்.

மிஞ்சிய நீலக் கரைசலைத் தொட்டியில் ஊற்றக் கூடாது, காப்பர் அயனி நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. எல்லாக் குழுக்களின் மிச்சத்தையும் ஒரு வாளியில் சேர்த்து, கூடுதல் இரும்புக் கம்பளி போட்டு நீலம் போகும் வரை வையுங்கள். பிறகு வடிகட்டி, திடப்பொருளை ஆய்வகக் கழிவில் சேருங்கள். படத்தின் வினையே கழிவையும் சுத்தம் செய்கிறது என்பதை மாணவர்கள் கவனிக்கட்டும்.

துகள் காட்சி

பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் தனிப் படமாக எடுத்து, வரிசையாக ஓட்டுவது ஸ்டாப் மோஷன். அதைப் பாடம் கற்க எளிமைப்படுத்திய ஒரு முறை உண்டு. ஆஸ்திரேலியாவின் வொலொங்கொங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரி ஹோபன் அதை ‘ஸ்லோமேஷன்’ என்று அழைத்தார். நொடிக்கு 24 படம் எடுத்து மாய்வதற்குப் பதில் நொடிக்கு 2 படம். அசைவு விட்டுவிட்டுத்தான் வரும், ஆனால் ஒவ்வொரு நகர்வையும் கண்ணால் தொடர்ந்து புரிந்துகொள்ளலாம். 50 நொடிக் காட்சிக்கு 100 படம் போதும்.

கைப்பேசியை மேசைக்கு 40 முதல் 50 செ.மீ. உயரத்தில், லென்ஸ் நேர் கீழே பார்க்கும்படி அசையாமல் கட்டுங்கள். ட்ரைபாட் இல்லையென்றால் இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே ஓர் அளவுகோலைப் பாலமாக வைத்துக் கட்டலாம். திரையைத் தொட்டுப் படமெடுத்தால் ஒவ்வொரு முறையும் ஆடும், இயர்போனின் ஒலிப் பொத்தானையோ டைமரையோ பயன்படுத்துங்கள். ஜன்னல் திரையை மூடிவிட்டு ஒரே விளக்கில் எடுங்கள். வெயில் மேகத்துக்குள் போய் வந்தால் படம் மினுக்கும்.

களிமண்ணில் செய்ய வேண்டியவை: இரும்பு அணுக்கள் 20, காப்பர் அயனிகள் 6, சல்ஃபேட் அயனிகள் 6, எலக்ட்ரான்களுக்குச் சிறு மணிகள் 12. இரும்பு அணுவும் காப்பர் அணுவும் ஏறக்குறைய ஒரே அளவு. எலக்ட்ரானை இழந்த அயனி அணுவைவிடச் சிறியது. ஆகவே கரைசலில் இருக்கும் காப்பர் அயனிகளைச் சிறிய உருண்டையாகச் செய்து, உலோகமாகப் படியும்போது பெரிய உருண்டையாக மாற்றி வையுங்கள். கரையும் இரும்பு பெரியதிலிருந்து சிறியதாகும். அதனால் காப்பருக்குப் பெரிய உருண்டை 6, இரும்புக்குச் சிறிய உருண்டை 6 தனியாக உருட்டி வைத்துக்கொள்ள வேண்டும். சல்ஃபேட் ஒன்றுக்கு ஒரு கந்தகம், நான்கு ஆக்சிஜன். ஐந்தையும் ஒட்டி ஒரே கட்டாகச் செய்யுங்கள், படம் முழுக்க அது பிரியவே கூடாது.

முதல் படத்திலேயே பெரிய தவறு நேரும். மாணவர்கள் காப்பரையும் சல்ஃபேட்டையும் ஒட்டவைத்து ஆறு ‘மூலக்கூறு’களாகத் தண்ணீரில் மிதக்கவிடுவார்கள். சமன்பாட்டில் இரண்டும் சேர்த்து எழுதப்பட்டிருப்பதால் வரும் பழக்கம் இது. கரைசலில் அவை தனித்தனி அயனிகள். நீலம் சல்ஃபேட்டின் நிறம் என்று எண்ணுபவர்களும் உண்டு. சோடியம் சல்ஃபேட் கரைசலை ஒரு குவளையில் கரைத்துக் காட்டுங்கள், நிறமே இருக்காது. நீர் மூலக்கூறுகள் சூழ்ந்த காப்பர் அயனிதான் நீலம். தனி ஓர் அயனிக்கோ அணுவுக்கோ நிறம் கிடையாது, உருண்டையின் வண்ணம் வெறும் அடையாளம் என்பதைக் குரலில் ஒரு வரி சொல்லிவிட வேண்டும். நீர் மூலக்கூறுகளை வரையாமல் விட்டிருக்கிறோம் என்பதற்கும் ஒரு வரி. இல்லாவிட்டால் அயனிகள் வெற்றிடத்தில் மிதப்பதாகப் பார்ப்பவர் நினைப்பார்.

இனி நகர்த்தல். ஒரு காப்பர் அயனிக்கு 14 படங்கள் ஒதுக்குங்கள்: ஆறுக்கும் 84, தொடக்கத்துக்கு 10, முடிவுக்கு 6. ஓர் இரும்பு அணு இரண்டு எலக்ட்ரான் மணிகளை விட்டுவிட்டுச் சிறிய உருண்டையாகிக் கரைசலுக்குள் போகிறது. மணிகள் தண்ணீரில் நீந்தக் கூடாது. அவை உலோக அடுக்குக்குள்ளேயே நகர்ந்து வேறோர் இடத்தில் மேற்பரப்புக்கு வர வேண்டும். அங்கே வந்து தொடும் காப்பர் அயனி இரண்டையும் வாங்கி, பெரிய உருண்டையாகி ஒட்டிக்கொள்ளும். காப்பர் ஏன் பீக்கரின் சுவரில் படியவில்லை என்ற கேள்விக்கு இந்த 14 படங்களே பதில்: கண்ணாடியில் கொடுக்க எலக்ட்ரான் இல்லை. இதை நகர்த்திய மாணவருக்கு ‘இரும்பு காப்பராக மாறியது’ என்ற தவறான எண்ணம் பெரும்பாலும் கலைந்துவிடும்.

சல்ஃபேட் கட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சம் அசைத்துக்கொண்டே இருங்கள், ஆனால் எதிலும் சேர்க்காதீர்கள். தொடக்கத்தில் ஆறு, முடிவில் ஆறு. வினையைச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கும் அயனி என்றால் என்ன என்பதைப் படம் பார்ப்பவர் தானாகவே புரிந்துகொள்வார்.

ஒவ்வொரு 10 படத்துக்கும் ஒருவர் உரக்க எண்ண வேண்டும்: காப்பர் மொத்தம் ஆறு, இரும்பு மொத்தம் 20, சல்ஃபேட் ஆறு. உருண்டை ஒன்று மேசைக்குக் கீழே உருண்டு போய், யாரும் கவனிக்காமல் 30 படம் எடுத்த பிறகுதான் தெரிய வரும். அந்த 30 படங்களில் நிறை மாறா விதி உடைந்திருக்கும். திரும்ப எடுத்தே ஆக வேண்டும், அதில் தயவு பார்க்க வேண்டாம்.

குரலும் எடிட்டிங்கும்

3 நிமிடத்துக்கு 250 சொற்களுக்கு மேல் எழுதாதீர்கள், மூச்சு வாங்கும். திரையில் தெரிவதையே திரும்பச் சொல்லாமல் தெரியாததைச் சொல்லுங்கள். ‘இப்போது நீலம் மங்குகிறது’ என்பது வீண், ‘காப்பர் அயனிகளின் எண்ணிக்கை குறைகிறது’ என்பதுதான் தேவை. சிறிய அறையில் மின்விசிறியை நிறுத்தி, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் கைப்பேசியைப் பிடித்துப் பதிவு செய்தால் போதுமான தெளிவு கிடைக்கும்.

பீக்கர் காட்சியிலிருந்து களிமண்ணுக்குத் தாவும் இடத்தில் பீக்கரின் ஒரு புள்ளியில் வட்டம் போட்டு, அதைப் பெரிதாக்குவது போலக் காட்டுங்கள். அது இல்லாவிட்டால் இரண்டும் இரண்டு வேறு படங்களாகத் தோன்றும். வேகப்படுத்திய காட்சியில் எத்தனை மடங்கு என்று எழுதுங்கள். இரண்டு முறை செய்த சோதனையை ஒரே சோதனை போல ஒட்டக் கூடாது. இசை விருப்பம், ஆனால் நுரையின் சத்தத்தை மறைக்கும் இசை வேண்டாம்.

திரையிடல்

மதிப்பெண்ணில் பாதி வேதியியல் சரியாக இருப்பதற்கு, கால் பங்கு துகள் காட்சிக்கு, மீதிக் கால் பங்கில்தான் குரல், படத்தொகுப்பு, குழுவாக வேலை செய்தது எல்லாம். இந்த விகிதத்தை முதல் நாளே சொல்லிவிட்டால் வார இறுதி முழுக்கத் தலைப்பு அனிமேஷனில் செலவழிக்கும் குழுக்கள் குறையும்.

படத்தை முழுதாக ஓட்டிவிட்டுக் கைதட்டி அனுப்பிவிடாதீர்கள். துகள் காட்சியின் நடுவில் நிறுத்தி, அடுத்த படத்தில் எந்த உருண்டை எங்கே போகும் என்று மற்றக் குழுக்களைக் கேளுங்கள். சீட்டில் பெயர் வந்தவர் ஏன் என்று சொல்லட்டும்.

பிறகு அந்தக் குழுவின் களிமண்ணையே அவர்கள் முன்னால் வைத்து ஒரு புதிய வினையைக் கொடுங்கள்: சில்வர் நைட்ரேட் கரைசலில் காப்பர் கம்பி. பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றினால் போதும் என்று உடனே ஒன்றுக்கு ஒன்றாக நகர்த்தத் தொடங்குவார்கள். காப்பர் விடும் எலக்ட்ரான்கள் இரண்டு, ஒரு சில்வர் அயனி வாங்குவதோ ஒன்றுதான். மிஞ்சிய மணியைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் இன்னொரு சில்வர் உருண்டையைத் தேடுகிறார்களா என்று பாருங்கள்.